நெய்தல் மனைக்கேற்ற பூமரங்கள்

சோழவள நாட்டின் கீழ்க்கோடியில், வெட்டாறு கடலொடு கலக்கும் முகத்துவாரத்தை அடுத்து அமைந்தது நாகூர். தர்காவின் ஐந்து மினாராக்களும் நெடுந்தொலைவிலேயே ஊரினை அறிவிக்கும். ஊரின் மேல்பாற் சென்று நோக்கின் காவிரி வண்டல் படிந்த நெல்வயல்கள். கீழ்பாற் சென்று நோக்கின் வெண்மணலும் வலைகளும் படகுகளும். இலக்கணநூலார் வேறு வேறாகப் பகுத்த மருதமும் நெய்தலும் இவ்வூரில் ஒரு தெருவின் இரு கோடிகளாய் நிற்கின்றன எனலாம். தமிழ் பயிலும் எமக்கு இது கண்டு மகிழ்தற்குரிய காட்சி. ஆனால், இவ்வூரில் மனைகட்டி வாழ்ந்து, வாயிலில் ஒரு பூமரமும் கொல்லையில் நான்கு பூஞ்செடிகளும் வைக்க விரும்புவார்க்கு இதுவே பெருஞ் சிக்கலாக முடிகிறது. மருதத்திற்குரிய செடி நெய்தலில் நில்லாது. அச்சிக்கலை ஆராய்ந்து, கடற்கரை ஊர்களில் வாழும் எம்மனோர்க்குப் பயன்படத்தக்க சிலவற்றைக் கூறுதலே இக்கட்டுரையின் நோக்கம்.

மனைக்குச் செடி கொள்வார் பெரும்பாலும் பூவைக் கண்டே கொள்கின்றனர். வண்டியில் தொட்டிகளை அடுக்கித் தெருத்தோறும் விற்று வருவோரிடம், ஓசூர்ப் பக்கத்திலிருந்து வந்த ரோஜாச் செடி நான்கு மலரோடு நிற்கும்; அந்நான்கு மலரே விலையை முடிவுசெய்துவிடும். தை மாதத்தில் வாங்கிய அச்செடி பங்குனியில் விளிம்பு கருகி, சித்திரையில் இலையுதிர்ந்து, வைகாசியில் விறகாகிவிடுகிறது. வீட்டுப் பெண்டிர், "நமக்குக் கைராசி இல்லை" எனத் தம்மையே நொந்துகொள்வர். கைராசிக்கும் இதற்கும் யாதொரு தொடர்புமில்லை. குளிர்ந்த மேட்டுநிலத்துச் செம்மண்ணில் வளர்ந்த செடியைக் கொணர்ந்து உப்பங்காற்றின் வாயில் நிறுத்தினால் அது வேறென் செய்யும்?

உப்பங்காற்று செய்வது இன்னதென அறிதல் வேண்டும். கடலலை கரையில் மோதி உடையுந்தோறும் நுண்ணிய உப்புத்துளிகள் காற்றில் ஏறுகின்றன. அக்காற்று ஊருக்குள் புகுந்து அவற்றை இலைகளின்மேற் படியவிடுகிறது. ஈரம் உலர்ந்தபின் எஞ்சும் உப்பு, இலையினுள் இருக்கும் நீரை வெளியே ஈர்க்கும். முதலில் இலையின் நுனியும் விளிம்பும் பழுப்புறும்; பின்னர்த் தளிர் கருகும்; நாளடைவில் கடலை நோக்கிய பக்கத்துக் கிளைகள் மொட்டையாகி, மரமே மேற்கு நோக்கித் தலைசாய்த்தாற்போல் தோன்றும். மெல்லிலை உடையன விரைவிற் கெடும். தடித்து, வழவழப்பாய், மெழுகு பூசினாற்போன்ற இலையுடையன தாங்கும். ஆகலின், நாற்றினை விலைபேசுமுன் பூவைப் பாராது இலையை இருவிரலாற் பற்றித் தடவிப் பார்த்தல் நலம். இஃதொன்றே பாதி விடையைத் தந்துவிடும்.

கடற்கரை மனைக்கு மரந்தேர்வார் காற்றை முதலிலும், நீரை அதற்கடுத்தும், மண்ணை மூன்றாவதாகவும், பூவை இறுதியிலும் எண்ணுதல் வேண்டும் என்பது எம் துணிபு. என்னை? மண்ணை மாற்றலாம், குளத்து வண்டலும் தொழுவுரமும் இரண்டு வண்டி கொணர்ந்து கொட்டினால் மணலும் இளகிய மண்ணாகிவிடும். நீரையும் ஓரளவு மாற்றலாம்; கிணறு உவர்த்தால் நல்ல நீரைச் சுமந்து ஊற்றலாம். காற்றை மாற்றுதல் எவர்க்கும் இயலாது.

நீரைப் பற்றி இன்னும் சிறிது கூறவேண்டியிருக்கிறது. மரம் வளர்ப்பார்க்கன்றி வீட்டார் அனைவர்க்கும் இது பொருந்தும். கடலோர மணலில் மழைநீர் இறங்கி, கீழே நிறைந்திருக்கும் உவர்நீரின்மேல் மிதந்து நிற்கிறது. நன்னீர் உவர்நீரினும் சிறிதே இலேசானது. அச்சிறு வேறுபாடே அதனை மிதக்கச் செய்கிறது. கடல்மட்டத்திற்குமேல் நன்னீர் 1 அடி உயர்ந்து நின்றால், அம்மட்டத்திற்குக் கீழே ஏறத்தாழ 40 அடி ஆழம் அது நிற்கும் என்பது நிலத்தடிநீர் ஆய்வோர் கண்ட கணக்கு. அவ்வாறாயின் மேலே 1 அடி குறையுமிடத்துக் கீழே 40 அடி உவர் ஏறும் என்பதும் அக்கணக்கின் மறுபுறமே. இக்காலத்தில் கொல்லை முழுதும் சிமெண்டுத் தளமிட்டு, "தூசியில்லை, சேறில்லை" என மகிழ்வார் பலர். அத்தளத்தில் விழும் மழை சாக்கடை வழியே வெட்டாற்றை அடைந்து கடலிற் கலக்கிறது, நிலத்தினுள் இறங்குவதில்லை. நீர் இறைக்கும் பொறியோ நாளும் ஓடுகிறது. பின்னர்க் கிணறு உவர்த்துவிட்டதென வருந்துதல் எற்றுக்கு? மரத்தடியைச் சுற்றிச் சிறிது வெறுநிலம் விட்டுவைத்தல் மரத்திற்கு மட்டுமன்று, குடிப்பார்க்கும் உதவி.

இனி மரங்களுக்கு வருவோம். நெய்தல் மரங்களுள் முதலில் வைக்கத் தக்கது புன்னை. இதனைக் கூறுங்கால் எமக்குச் சிறிது பக்கச்சார்பு உண்டென்பதை மறைக்கவில்லை. சங்கப் பாட்டுக்களைப் பாடமாகப் பயில்வார்க்குப் புன்னையின்மேற் காதல் எழுவது இயல்பே. ஆயினும், பாட்டினை மறந்து தோட்டக்காரன் கண்கொண்டு நோக்கினும் புன்னையே முதலிடம் பெறும். அதன் இலை தடித்து, கரும்பச்சையாய், நடுநரம்பின் இருபாலும் நெருங்கி இணையாகச் செல்லும் மெல்லிய நரம்புகளுடன் எண்ணெய் தடவினாற்போல் மின்னும். ஸ்வீடன் நாட்டு லின்னேயஸ் 1753ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் நூலில் இதற்குக் கலோபில்லம் என்னும் பெயரைச் சூட்டினார்; கிரேக்க மொழியில் அதன் பொருள் 'அழகிய இலை' என்பது. பூவுமில்லாக் காலத்திலும் இலையே அணியாக நிற்கும் மரம் இது. பூக்குங்காலோ, வெண்ணிற இதழ்களின் நடுவே பொன்னிறக் கேசரங்கள் செறிந்து, மணம் தெருமுனை வரை செல்லும். ஆப்பிரிக்காவின் கீழைக்கரை முதல் பசிபிக் தீவுகள் வரை கடலோரந்தோறும் இம்மரம் நிற்பதற்குக் காரணம், இதன் காய் கடல்நீரில் மிதந்து சென்று கரையேறி முளைப்பதே. கடலிற் பயணம்போய் முளைக்க வல்ல மரத்திற்கு நாகூரின் உப்பங்காற்று ஒரு பொருட்டன்று.

நற்றிணையில் 172ஆம் பாட்டு இம்மரத்தை வளர்க்கும் முறையையே கூறுகிறதெனலாம். சிறுமியர் விளையாட்டாய் வெண்மணலில் அழுத்திவிட்டு மறந்த புன்னை விதை தானே முளைத்தெழ, அதனைப் பாலூற்றி வளர்த்தனர் என்றும், அம்மரம் உங்கட்கு உடன்பிறந்தாள் போன்றவள் எனத் தாய் கூறினாள் என்றும், ஆகலின் அதன் நிழலில் தலைவனோடு நகையாடுதற்கு நாணுகின்றேம் என்றும் அப்பாட்டின் கருத்து அமைகிறது. வகுப்பில் ஆசிரியர் இதன் உள்ளுறையையும் மெய்ப்பாட்டையும் விரித்துரைப்பர். யாமோ அப்பாட்டில் ஒரு தோட்டக் குறிப்பையும் காண்கின்றோம்: வெறும் மணலே அவ்விதைக்குப் போதும், மேல்மண் வேண்டா, மறந்துவிட்டாலும் முளைக்கும். பாலும் நெய்யும் தேவையில்லை என்பதை மட்டும் சேர்த்துக் கூறுவோம். விதையின் ஓடு வன்மையானது. அதனை மெல்லத் தட்டிப் பிளந்து, உள்ளிருக்கும் பருப்புக் கெடாமல் எடுத்து விதைப்பின் முளைப்பு விரைவாகும். ஓட்டோடு விதைத்தால் மாதம் இரண்டுக்குமேற் பொறுத்திருக்க நேரும். புன்னை மெல்ல வளர்வது. நட்டவன் பொறுமையைச் சோதிக்கும். அடர்ந்து பரவும் மரமாகலின், சுவரினின்றும் 15 அல்லது 20 அடி தள்ளி இடமுடையார் மட்டும் அதனை வைத்தல் வேண்டும். முன்னாளில் அதன் விதையெண்ணெய் விளக்கெரிக்கப் பயன்பட்டது. பருப்பும் எண்ணெயும் உண்ணத் தக்கன அல்ல.

பொறுமையில்லார்க்குப் பூவரசு. இதனைப் பூமரம் என்று கூறின் சிலர் நகைப்பர். வேலியோரத்தில் தானே நிற்பது, கொழுக்கட்டை அவிக்க இலை பறிப்பது, சிறுவர் இலையைச் சுருட்டிப் பீப்பீ ஊதுவது — இவ்வளவே அதற்குரிய பெருமை என்பது பலர் எண்ணம். ஒருநாள் நின்று அதன் பூவைப் பாருங்கள். காலையில் எலுமிச்சை மஞ்சளாய், அடியில் செங்கறுப்புக் கண்ணுடன் விரிந்து, மாலையாகும்போது செம்மை கலந்து, வாடுங்கால் ஊதாச்சிவப்பாய் மாறும். ஒரே கிளையில் ஒரே வேளையில் மஞ்சளும் செம்மையும் காணலாம். செம்பருத்தியின் இனத்தது அது. செம்பருத்திக்கு இருக்கும் மதிப்பு அதற்கில்லாமைக்குக் காரணம், விலை கொடாமற் கிடைப்பதே போலும்! உவர்மண், மணல், வெள்ளம் மூன்றையும் அது பொறுக்கும். போத்து வெட்டி நட்டாலும் துளிர்க்கும். ஆனால், வீட்டருகே வைப்பார்க்கு யாம் போத்தினைப் பரிந்துரையோம். விதையிலிருந்து எழுந்த மரத்திற்கே ஆணிவேர் உண்டு. அதன் காய்களில் செந்நிறப் பூச்சிகள் கூட்டங்கூட்டமாய் மொய்க்கும் என்பதொரு குறை. அவை மனிதரைக் கடிப்பன அல்ல. ஆயினும், வாயிற்படியில் விரும்பத்தக்கன அல்ல. எனவே பூவரசு கொல்லைக் கோடியில் இருக்கட்டும்.

இடஞ்சிறிதாயின் மகிழ் நன்று. என்றும் பசுமை மாறாதது, இலை தடித்தது, மெல்ல வளர்வதாகலின் கத்தரித்துக் குடைபோல் நிறுத்தலாம். அதன் பூ சிறு தேர்ச்சக்கரம் போன்றது. கண்ணைக் கவராது, மூக்கைக் கவரும். உலர்ந்தபின்னும் மணம் நீங்காமையால், பெட்டியில் துணிகளுக்கிடையே இட்டுவைக்கும் வழக்கமும் உண்டு. விதையாலும் பதியனாலும் உண்டாக்கலாம்.

கடலை நோக்கிய பக்கத்தை இம்மரங்கள் காத்துக்கொண்டால், அவற்றின் பின்னே மென்மையான செடிகட்கும் இடம் உண்டாகும். நாகூரின் பழைய தெருக்களில் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி, முற்றமும் கொல்லையும் உடையனவாய் நீண்டு செல்லும். அம்முற்றமே ஒரு நல்வாய்ப்பு. நான்கு சுவரும் உப்பங்காற்றைத் தடுத்துவிடும். வெயிலோ மேலிருந்து வரும். பவழமல்லியை அங்கு வையுங்கள். அந்தியில் விரிந்து, விடியலில் தானே உதிர்ந்து, பவழக் காம்பும் வெள்ளிதழுமாய் நிலத்தில் கோலமிடும். ஏறிப் பறிக்க வேண்டா, குனிந்து பொறுக்கினால் போதும் என்பதனால் முதியோர்க்கு உகந்த பூ. முன்னாளில் அக்காம்பினின்றும் காவிநிறம் எடுத்துத் துணிக்குச் சாயமேற்றினர். அதன் இலை உப்புத்தாள்போல் சொரசொரப்பானது, தடித்ததன்று. ஆகவே வாயிற்புறத்தில் அதனை வைத்தல் வீண். நந்தியாவட்டை சற்றே நிழலிலும் பூக்கும். மழைக்காலத்தில் ஒடித்து நட்ட குச்சியே வேர்கொள்ளும். மல்லிகையைத் தரையில் வைப்பதினும் வண்டலும் தொழுவுரமும் நிரப்பிய பெருந்தொட்டியில் வைத்தல் மேல். உவர்நீர் அதற்கு ஆகாது. கார்த்திகை முடிவில் கவாத்துச் செய்து இலையை உருவிவிட்டால், கோடை தொடங்குங்கால் புதுத்தளிரும் மொட்டும் உடன்வரும். இரக்கப்பட்டுக் கவாத்துச் செய்யாது விட்ட மல்லிகை கொடிபோல் நீண்டு இலையை மட்டுமே தரும்.

வாயிலில் வெயிலும் உப்பும் நேரே படுமிடத்திற்குச் செடி வேண்டுவார் அரளியைத் தேர்வர். தாங்குந்திறத்தில் அதற்கு நிகர் அரிது. ஆனால் வேர் முதல் பூ வரை அதில் நஞ்சு உண்டு. அந்நஞ்சு நெஞ்சினைத் தாக்குவது. தவழும் குழந்தையும் கட்டியிராத ஆடும் உள்ள வீட்டில் அதனை வைத்தலாகாது. மஞ்சள் அரளியும் அத்தகையதே. அவ்விடத்திற்கு யாம் கூறுவது காகிதப்பூ. அதன் நிறம் பூவின் நிறமன்று. நிறங்கொண்டு தோன்றுவன பூவடிச்செதில்கள். அவற்றின் நடுவே குழல்போல் நிற்கும் சிறு வெண்மையே பூ. பிரெஞ்சு மாலுமி பூகேன்வில் உலகைச் சுற்றிய கப்பலில் உடன்சென்ற கொமெர்சன் என்னும் தாவரநூலார் 1767ஆம் ஆண்டில் பிரேசில் நாட்டில் இதனைக் கண்டு, மாலுமியின் பெயரையே இதற்கு வைத்தார். நீர் மிகுதியாகப் பெய்தால் இலை மிகும், நிறம் குன்றும். சற்றே வாடவிட்டால் நிறம் பொங்கும். முள் உண்டு, நடைபாதைக்கு அணித்தாக வைக்கற்க.

ஈழத்தலரியும் இவ்விடத்திற்கு ஏற்றதே. தடித்த குச்சியை ஒடித்து ஒரு வாரம் நிழலில் உலரவிட்டு நட்டால் பிழைத்துக்கொள்ளும். உப்பும் வறட்சியும் அதனை வருத்தா. ஆனால், கல்லறைத் தோட்டங்களிலும் அடக்கத்தலங்களிலும் அது நிற்பதைக் கண்டுபழகிய எம்மக்கள் வீட்டில் வைக்க அஞ்சுவர். கல்லறைகளில் அதனை வைத்ததற்குக் காரணம் நீரூற்றுவார் இல்லாத இடத்திலும் அது வாழும் என்பதாகலாம். அதனைக் குற்றமெனக் கொள்வது எங்ஙனம்?

செந்தீப்போற் பூக்கும் குல்மொகர் மரத்தைப் பற்றிப் பலர் கேட்பர். மடகாஸ்கர்த் தீவினின்றும் வந்த அம்மரத்தின் அழகை யாம் மறுக்கவில்லை. சித்திரை வைகாசியில் கல்லூரிச் சாலைகளிலும் புகைவண்டி நிலையங்களிலும் அதனைக் காணுந்தோறும் கண் களிக்கும். எனினும் அதன் கிளை முறியுந்தன்மையது. வேரோ ஆழச்செல்லாது மேலாகப் பரந்து தளத்தையும் சுவரையும் தூக்கும். விரிந்த திடலுக்கு அது தகும். 20 அடி அகல மனைக்குத் தகாது. தூங்குமூஞ்சி மரமும் அவ்வாறே. அதன் நிழலில் ஒரு சந்தை கூடலாம், ஒரு வீடு அடங்காது. ஊர்க்கொன்றையாகிய சரக்கொன்றையைக் காற்று மட்டுப்பட்ட மேற்குப் புறத்தில் வைப்பார்க்குச் சித்திரையில் பொற்சரம் தொங்கும். குல்மொகருக்கு ஈடாக அதனையே யாம் கூறுவோம்.

அழகுக்கெனக் கொணர்ந்த செடி கேடாக முடிதலும் உண்டு. காவிரிப் படுகையில் வாழ்வார்க்கு இதனை எடுத்துக்கூற வேண்டியதில்லை; வாய்க்காலைப் பார்த்தாற் போதும். ஊதாநிறப் பூவின் அழகுக்காகத் தென்னமெரிக்காவினின்றும் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வங்கத்திற்கு வந்த வெங்காயத்தாமரை, இன்று நம் ஆறுகளையும் குளங்களையும் மூடிக்கிடக்கிறது. தண்ணீர் திறந்துவிடும் ஒவ்வோர் ஆண்டும் மதகுகளில் அதனை வாரிக் கரையேற்றுதற்கே ஆள்கள் வேண்டியிருக்கிறது. நெய்வேலிக் காட்டாமணக்கும் அத்தகையதே. இளஞ்சிவப்பு நிறக் குழற்பூவுக்காகவும் எளிய வேலிக்காகவும் நட்டார் நட, அஃது ஒடிந்த துண்டுதோறும் வேரூன்றி வடிகால்களை அடைத்துவிட்டது. ஆடு தின்றால் நோயுறும். உண்ணிச்செடி 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்கத்தாத் தாவரத் தோட்டத்திற்கு அழகுச்செடியாக வந்து, பின்னர் நீலகிரிக் காடுகளிலும் புகுந்து மான்களின் மேய்ச்சலைக் கெடுத்தது. கொல்லையிலிருக்கும் சிறு தொட்டியில் வெங்காயத்தாமரையை மிதக்கவிட்டு, அது மிகுந்தபோது ஒரு கூடையளவை வாய்க்காலில் எறிவாரை இன்றும் காணலாம். எறிவார்க்கு அது ஒரு கூடை; கடைமடை உழவனுக்கு அது ஒரு போகம். தொட்டியில் நீர்ப்பூ வேண்டுவார் நம் அல்லியை வைக்கலாமே.

வேற்றுநாட்டதாயின் தீது என்பது எம் கருத்தன்று. காகிதப்பூவை மேலே பாராட்டியே வந்தோம். அன்றியும், நம் கரையின் செடிகளை ஆராய்ந்து உலகிற்கு அறிவித்தாருட் சிலர் இந்நாகூருக்கு வடக்கே, காரைக்காலுக்கு அப்பாலுள்ள தரங்கம்பாடியில் வாழ்ந்த வேற்றுநாட்டாரே. லின்னேயஸின் மாணாக்கராகிய கேனிக் என்பார் 1768ஆம் ஆண்டில் அங்குள்ள மிஷனுக்கு மருத்துவராக வந்து, நோயாளிகளைப் பார்த்த நேரம்போக எஞ்சிய நேரமெல்லாம் செடி தேடி அலைந்தார். 1776இல் வந்த ரோட்லர் என்னும் குருவானவரோ செடிகளை உலர்த்தித் தொகுத்ததோடு, தமிழ் ஆங்கில அகராதி ஒன்றையும் இயற்றினார். சொல்லையும் செடியையும் ஒருங்கே தொகுத்த அவரை நினைக்குந்தோறும் தமிழ் மாணவராகிய எமக்குச் சிறிது பொறாமையும் உண்டாகிறது. கேனிக்கின் பெயர் இன்று நம் வீட்டுக்கொல்லையிலேயே வாழ்கிறது: கறிவேப்பிலையின் தாவரநூற் பெயரில் அவர் பெயர் அமைந்துள்ளது. அதனை அழகுச்செடி என எவரும் கூறார்; ஆயினும் சமையலறைப் பின்புறத்தில், காற்று மறைவில், அரிசி கழுநீர் பாயுமிடத்தில் ஒன்று நின்றால் அதன் இலைக்கொத்தும் வெண்பூவும் எந்த அழகுச்செடிக்கும் இளையா.

இனி நடும் முறை. கடற்கரையூரில் இதுவே உயிர்நிலை. 2018 நவம்பர் 16ஆம் நாள் விடியற்காலையில் நாகப்பட்டினத்திற்கும் வேதாரணியத்திற்கும் இடையே கரையேறிய கஜா புயல், மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் வீசி, தஞ்சை, திருவாரூர், புதுக்கோட்டை மாவட்டங்கள் வரை தென்னந்தோப்புக்களைத் தோப்புத்தோப்பாக வீழ்த்தியது. அதற்குப்பின் வீட்டருகே மரமே வேண்டா என்பார் பலராயினர். அவ்வச்சம் நியாயமானதே, கூரைமேல் மரம் விழக் கண்டவரிடம் மரத்தின் பெருமையைப் பேசுதல் அழகன்று. ஆனால், எம்மரம், எங்கே, எவ்வாறு நட்டது என்னும் மூன்றையும் வினவாது எல்லா மரத்தையும் ஒருங்கே விலக்குதல் பொருந்தாது. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை நாகை மாவட்டத்தில் 6,000க்கு மேற்பட்டோரைக் கொண்டுசென்றபின் இவ்வினா வேறு வடிவில் எழுந்தது. கடலூர் மாவட்டக் கரையை ஆராய்ந்து 2005இல் எழுதியோர், அலையாத்தியும் சவுக்கும் செறிந்த இடங்களுக்குப் பின்னிருந்த ஊர்கள் குறைவாகவே சேதமுற்றன என்றனர். ஊரின் உயரமும் கடலினின்றுள்ள தொலைவுமே அதற்குக் காரணம் என மறுத்தாரும் உளர். பேரலையை மரம் தடுக்குமா என்பது அறிஞர் ஆராய்ச்சிக்குரியது; நாள்தோறும் வீசும் உப்பங்காற்றை மரம் தடுக்கும் என்பது அதன் பின்னே நிற்கும் செடியின் இலையைப் பார்த்தாலே விளங்கும்.

புயலில் மரம் வேரோடு சாய்வதற்கு ஒரு காரணம் நடும் நாளிலேயே தொடங்கிவிடுகிறது. நாற்றுப்பண்ணையில் நெகிழிப்பையினுள் நெடுநாள் நின்ற கன்றின் வேர், செல்லுமிடமின்றிப் பையைச் சுற்றிச் சுற்றிச் சுருண்டிருக்கும். அதனை அவ்வாறே குழியில் இறக்கினால் வேர் அச்சுருளிலேயே தடித்து, பத்தாண்டுக்குப்பின் தன் அடிமரத்தையே நெரிக்கும். மேலே மரம் செழித்துத் தோன்றும். கீழே அதற்குப் பிடிப்பே இராது. ஆகவே, பையைக் கிழித்தவுடன் வேர்மண்ணைப் பாருங்கள். சுருண்ட மெல்லிய வேர்களைக் கூரிய கத்தியால் அறுத்துவிடல் வேண்டும். அடிவேர் கயிறுபோல் திரண்டு முறுகியிருப்பின் அக்கன்றை வாங்குதலே தவறு. பெரிய கன்று விரைவில் நிழல்தரும் என்று எண்ணி ஆளுயரக் கன்றைக் கொள்வாரினும், முழங்காலளவுக் கன்றைக் கொள்வார் பிழைத்தனர்.

குழி 3 அடி நீளம், 3 அடி அகலம், 3 அடி ஆழம் இருக்கட்டும். மணலிடத்து அடியில் களிமண்ணோ வண்டலோ அரையடி பரப்பினால் நீர் சற்றே தங்கும். களிமண் மனையாயின் மாறாக மணலைக் கலந்து நீர் வடியச் செய்தல் வேண்டும். புரட்டாசியில் முதல் மழை விழுந்தவுடன் நடுதல் நலம். ஐப்பசி, கார்த்திகை மழை முழுதும் வேருக்குக் கிடைக்கும். கன்று சிறிதாகலின் அவ்வாண்டுப் புயலும் அதனை ஒன்றும் செய்யாது. முட்டுக்கழி நடுவார் கன்றை இறுகக் கட்டிவிடுகின்றனர். கட்டு தளர்வாக, எட்டு என்னும் எண்ணைப்போல் கழிக்கும் கன்றுக்கும் இடையே குறுக்கிட்டுச் செல்லவேண்டும். சிறிதே அசைந்தாடும் தண்டுதான் தடிக்கும்.

வளர்ந்த மரமுடையார் ஆண்டுதோறும் ஆவணியில் அதன் உட்கிளைகளையும் உலர்ந்த கிளைகளையும் களைந்து, காற்று ஊடே புகுந்து செல்ல வழிவிடுதல் வேண்டும். கூலியாள் ஒருவரைக் கூட்டிவந்து மரத்தின் தலையை மொட்டையாக வெட்டுவித்தல் இதனின் வேறு. அவ்வாறு வெட்டிய இடத்தில் கொத்தாக எழும் புதுக்கிளைகள் மேலோட்டமாகவே ஒட்டி நிற்பன. அடுத்த புயலில் முதலில் முறிந்து விழுவன அவையே.

நட்ட கன்றுக்கு முதற்கோடையே பெருஞ்சோதனை. நாள்தோறும் ஒரு செம்பு நீரை மேலாகத் தெளித்தலினும், நான்கு நாட்கு ஒருமுறை ஒரு குடம் நீரை அடியில் மெல்ல இறங்கவிடுதல் மேல். மேல்நீரைத் தேடி வேர் மேலே வரும், ஆழ்நீரைத் தேடி ஆழச் செல்லும். கன்றின் பக்கத்தில் ஒரு பழைய மண்பானையைக் கழுத்தளவு புதைத்து, அடியில் சிறு துளையிட்டு, துளையில் துணித்திரி செருகி நிரப்பிவைப்பின் நீர் கசிந்துகொண்டேயிருக்கும். சருகையும் தென்னைமட்டையையும் அடியில் பரப்பினால் மணல் கொதிக்காது. உவர்நீரை வேருக்கு ஊற்ற நேரினும் இலைமேற் படவிடலாகாது. உப்பங்காற்று மிகவீசிய மறுநாள் நல்ல நீரால் இலையைக் கழுவிவிடுதல் நலம். இரண்டாம் ஆண்டு மழைக்குமுன் கன்றை மெல்லப் பற்றி அசைத்துப் பாருங்கள். அடி அசையாது தலைமட்டும் அசையுமாயின் முட்டுக்கழியைப் பிடுங்கிவிடலாம்.